மூலையில் விட்ட புள்ளி

இந்த அறையின் சன்னலை யார் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஈரத்துணியால் வட்டவட்டமாகத் துடைக்கிறார் என்பது தெரிகிறது. கண்ணாடியை அப்படித் துடைக்கக் கூடாது. உலர்ந்த துணி, மேலிருந்து கீழே, ஒரே திசை. வட்டமாகத் துடைத்தால் அழுக்கு வெளியே போகாது, கண்ணாடி முழுக்க ஊர்வலம் வரும். நான் குறை சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் கண்ணாடியோடு குடித்தனம் நடத்தியவன், கண் அங்கேதான் போகிறது.

நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன். என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தின் வெப்ப அறைக்குள் இறந்துபோனான். அன்று கட்டடத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஆகவே என்னைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வேறு யாரைக் கூப்பிடுவீர்கள், கண்ணாடியையா? மேசைமேல் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நேரம் பார்த்துத் திருப்புவதாக உத்தேசம் போலிருக்கிறது. ஆகட்டும், உங்கள் தொழில் உங்களுக்கு.

என் தொழிலைச் சொல்கிறேன். நாங்கள் நிறம் மாறும் சன்னல் செய்கிறோம். கண்ணாடிமேல் ஒரு படலம். உலோகம் கிடையாது, கரிமப் பொருள். இரண்டு பொடிகள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு வலையாகப் பின்னிக்கொள்ளும். கனம் கேட்டால் சிரிப்பீர்கள், தலைமுடியில் முந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் முழுக்கத் துளைகள், தேன்கூடு மாதிரி, ஒரே அளவில், வரிசையாக. லேசாக மின்சாரம் கொடுத்தால் உப்பின் துகள்கள் அந்தத் துளைகள் வழியாக உள்ளே ஓடும், படலம் கறுத்துவிடும். மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வெளியே ஓடும், படலம் தெளிந்துவிடும். இதில் அழகு என்னவென்றால், மின்சாரத்தை அடியோடு நிறுத்தினாலும் கடைசி நிறம் அப்படியே நிற்கும். யாராவது பொத்தானைத் தொட்டால் ஒழிய அது மனசை மாற்றிக்கொள்ளாது. மனிதர்களிடம் நான் பார்க்காத குணம்.

முதல் பத்து வருடம் எங்கள் படலம் கறுக்க மூன்று நிமிடம் எடுத்தது. வெயில் அதற்குள் அடுத்த சன்னலுக்குப் போய்விடும். துளைகள் கோணல்மாணலாக வளர்ந்ததுதான் காரணம். அதை நேராக்கியது நான். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்லமாட்டேன், நான் உண்மை பேசுகிறவன். மைத்துனனின் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டேன். அவசரத்தில், கண்ணாடி ஊறிக்கொண்டிருந்த பெட்டியின் மூடியைச் சரியாக மூடாமல் போய்விட்டேன். ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, படலம் அவசரமே இல்லாமல் வளர்ந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. துளைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேர்வரிசை. மூன்று நிமிடம் எட்டே வினாடியாகக் குறைந்தது. நான் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை, அதுவரை என் வாழ்க்கையில் நானாக நேராக்கிய ஒரே விஷயம் அது.

அன்றிலிருந்து நான் வளர்த்த ஒவ்வொரு கண்ணாடியிலும் கீழ் வலது மூலையில் ஒரு புள்ளி விடுவேன். மிளகளவு. அந்த இடத்தில் மட்டும் படலம் படியாது. கண்ணாடி முழுக்கக் கறுத்தாலும் அந்தப் புள்ளி தெளிவாகவே நிற்கும். ஓவியர் கையெழுத்துப் போடுவதில்லையா, அதுபோல. யாருக்கும் அதனால் நஷ்டம் இல்லை.

மைத்துனன் அப்போது வேலையில்லாமல் இருந்தான். படிப்பு அதிகம், அதனால் வேலை இல்லை. நான் முதலாளியின் அறை வாசலில் இரண்டு நாள் நின்று அவனுக்கு இடம் வாங்கினேன். மூடிக் கதையைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என் கல்யாணம் நடக்கலைன்னா இது வந்தே இருக்காது அத்தான். அப்ப பாதி என்னோடது."

நானும் சிரித்தேன். குடும்பத்துக்குள் சிரிப்பதற்கு என்ன. அடுத்த வருடம் அவன் கூட்டங்களில் "நாங்க" என்று பேச ஆரம்பித்தான். அதற்கடுத்த வருடம் "நான்" ஆயிற்று. கட்டுரை வெளிவந்தபோது அவன் பெயர் முதலில், முதலாளி பெயர் அடுத்து, கண்ணாடியை வாழ்நாளில் தொட்டிராத முதலாளியின் மகன் பெயர் மூன்றாவது. நான் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தேன். "கண்ணாடிகளைச் சுத்தம் செய்து உதவியவருக்கு." பெயர்கூட இல்லை. மின்சாரம் பார்ப்பவருக்கும் அதே வரியில் நன்றி. அவர் நல்ல மனிதர், அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி உங்களை மறக்கல பாத்தீங்களா" என்றாள். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போனபிறகு அவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். நான் "ஆமா, பெரிய மனசு" என்றேன்.

அவன் துறைத் தலைவர் ஆனதும் விதிகள் வந்தன. விதிகள் நல்லவை, நான் மறுக்கவில்லை. வெப்ப அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்றான். பரிசோதனை ஓடும்போது வெப்ப அறையின் கதவைத் திறக்கக் கூடாது என்றான். இதற்குக் காரணம் இருந்தது. துளையுள்ள படலம் ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். இரண்டு முறை யாரோ பாதியில் கதவைத் திறந்து வெளிக்காற்று புகுந்து, மாதக்கணக்கான உழைப்பு பாழாயிற்று. அதனால் கொட்டை எழுத்தில் எழுதி, என் மேசையை ஒட்டிய சுவரில் ஒட்டினான்: "பரிசோதனை ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும்." கடைசி இரண்டு சொற்களுக்கும் சிவப்பில் அடிக்கோடு. நீங்கள் போய்ப் பார்த்தால் இன்னும் இருக்கும். கையெழுத்து அவனுடையது.

என் குறிப்பேட்டை நம்ப முடியாது என்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்கி மாட்டினான். அது தனக்குள் என்னென்னவோ எழுதிக்கொள்ளும் என்றார்கள். என்ன எழுதுகிறது என்று நான் பார்த்ததில்லை. அதன் கடவுச்சொல் தலைவருக்கும் முதலாளிக்கும் மட்டும்தான். எனக்கு இரண்டு பொத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன, கறுக்க ஒன்று, தெளிய ஒன்று. என் தகுதிக்கு அது போதும்.

வெப்ப அறை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சின்னப் படுக்கையறை அளவு. சுவரும் கதவும் ஒரு சாண் கனம், உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. நாங்கள் சோதிக்கும் கண்ணாடியே அதன் சன்னல், என் மேசையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். கதவின் உட்பக்கக் கைப்பிடி ஏழு மாதமாக உடைந்திருந்தது. நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். நான்கு முறையும் "அடுத்த மாசம் பாக்கலாம் அத்தான்" என்றான். அதுவரை உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுப் போவது வழக்கம். கையளவு கட்டை. பல லட்சம் பெறுமானமுள்ள அறையைக் காப்பாற்றியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை வெளியிலிருந்து பெரிய ஆட்கள் கண்ணாடியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஒரு பரிசோதனை பாக்கி. கண்ணாடியைக் கறுக்க வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, எழுபது டிகிரி சூட்டில் ஆறு மணி நேரம் அப்படியே விட வேண்டும். நிறம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒருமுறை பொத்தானைத் தொட்டாலும் பரிசோதனை செல்லாது. லீவு நாளில் இந்த மாதிரி வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மைத்துனன் வந்தான். கையில் கறுப்பு டேப் சுருள்.

"அந்தப் புள்ளியை மறைச்சிடலாம் அத்தான். நாளைக்கு வர்றவங்க பிழைன்னு நினைப்பாங்க."

"அது பிழையில்லைன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க."

பிறகு, போகிற போக்கில், ஒன்றாம் தேதியிலிருந்து என்னைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னான். "உங்க வயசுக்கு இந்த ஆவியெல்லாம் ஒத்துக்காது. அக்காவும் கவலைப்படுறா." மூடியை எப்படித் திறந்து வைப்பது என்று இரண்டு புதியவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். என் உடம்புமேல் இவ்வளவு அக்கறை கொண்டவனிடம் என்ன பேசுவது. நான் தலையாட்டினேன்.

அவன் போனை என் மேசையில் வைத்தான், விதி விதிதான். கட்டையை இடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போனான். உள்பக்கம் குனிந்து புள்ளிமேல் டேப்பை ஒட்டினான். அவன் கட்டைவிரல் அதை அழுத்தித் தேய்ப்பதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை தேய்த்தான். ஒருமுறை போதும் அதற்கு.

நான் எழுந்து போய்க் கட்டையை எடுத்தேன். பூசி மெழுக எனக்குத் தெரியாது, எடுத்தது நான்தான். ஆனால் கதவை நான் மூடவில்லை. அது தானாக மூடிக்கொள்ளும் கதவு.

முதலில் அவன் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று. கதவைத் தட்டும் பாவனை காட்டினான். நான் மேசைக்கு வந்து சூட்டை எழுபதில் வைத்து, பரிசோதனையைத் தொடங்கினேன். மணி பன்னிரண்டே கால். உள்ளே விசிறியின் காற்று அவன் தலைமுடியைக் கலைத்ததும் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் தட்டினான். வாய் அசைந்தது. "அத்தான்" என்ற சொல்லை உதட்டில் படிப்பது சுலபம். நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். அவன் கையெழுத்தை அவனே படிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பிறகு கறுப்புப் பொத்தானைத் தொட்டேன். ஓரங்கள் முதலில் கறுக்கும், நடு கடைசியில். எட்டே வினாடி. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி கறுத்திருந்தது, நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு என்னிடம் கணக்குக் கேட்டால் நான் என்ன சொல்வது. பரிசோதனை ஓடிக்கொண்டிருந்தது, என் கடமை குறிப்பு எழுதுவது. அரை மணிக்கொருமுறை எழுதினேன்: "நிறம்: மாற்றமில்லை." இடையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். மனைவி கட்டிக் கொடுத்தது, அவனுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

இரண்டரை மணிக்கு அவன் போன் அடித்தது. திரையில் "அக்கா" என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. உடனே என் போன்.

"என்னங்க, தம்பி போனை எடுக்க மாட்டேங்கிறான். அங்கதான் இருக்கானா?"

"இங்கதான் இருக்கான். உள்ள இருக்கான்."

"சாப்பிட்டானா?"

"இன்னும் இல்ல."

"வேலைன்னு வந்துட்டா சாப்பாட்டை மறந்துடுவான். நீங்க பாத்துக்குங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை பாருங்கள். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இன்று காலை அவள் என்னைப் பார்க்க வந்தாள் என்றீர்களே, வாசலோடு திரும்பிப் போய்விட்டதாகவும் சொன்னீர்கள். கோபமாக இருக்கும். தம்பியாயிற்றே.

மூன்று மணிக்குச் சட்டையைக் கழற்றினான். அந்த நிலைமையிலும் மடித்துத்தான் வைத்தான். சின்ன வயதிலிருந்தே ஒழுங்கு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? மூன்று மணி என்று எப்படித் தெரியும் என்றா? ஊகம்தான். கதவைத் திறந்தபோது சட்டை மடித்துக் கிடந்தது, எப்போதாவது கழற்றித்தானே இருக்க வேண்டும். நீங்கள் சொல்லுக்குச் சொல் பிடித்தால் நான் கதையை எப்படி முடிப்பது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. மூன்றரைக்கு மேல் கறுத்த கண்ணாடியின் கீழ் மூலையில் திடீரென்று ஒரு வெளிச்சம் தெரிந்தது. மிளகளவு. அவன் டேப்பை உரித்துவிட்டான். நகத்தால் சுரண்டிச் சுரண்டி, பிசின்கூட இல்லாமல் சுத்தமாக. உள்ளே எரிந்த விளக்கு அந்தப் புள்ளி வழியாக என் மேசைமேல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மறைந்து மறைந்து வந்தது, அந்தப் பக்கம் யாரோ கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல. மூன்று வருடமாக நான் அவனிடம் எதிர்பார்த்தது அந்த ஒன்றுதான். புள்ளி இருக்கிறது, அது யாருடையது என்று தெரியும் என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒப்புக்கொண்டான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

அப்போதாவது திறந்திருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. திறக்க ஆசைதான். அவன்மேல் எனக்கு அப்போது ஒரு துளி கோபம் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. திறந்தால் ஈரக்காற்று புகுந்து படலம் போய்விடும். அவன் விதி, அவன் படலம் என்று உலகம் நம்புகிற படலம். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். அவன் மானம் போகாதா? விதியை மீறி நான் திறந்து, கண்ணாடி பாழானால், முதலில் என்னைத் திட்டியிருக்கக்கூடியவன் அவனே. நான் அவனுக்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆறேகால் மணிக்குப் பரிசோதனை முடிந்தது. கதவைத் திறந்தேன். அவன் கண்ணாடிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தகவல் சொன்னது நானே. கட்டை நழுவிவிட்டது என்று முதலில் சொன்னது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவை மட்டும் பரிசோதனையின் நலனுக்காகத்தான் திறக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தாளைத் திருப்பிவிட்டீர்கள். நல்லது.

அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி இப்படித்தான் எழுதுமா. நேரம், நிறம், எத்தனை நேரம் நின்றது. சுத்தமாக இருக்கிறது, என் குறிப்பேட்டைவிடவும். கடவுச்சொல்லை முதலாளி கொடுத்தாரா. எனக்கு ஒருமுறை கொடுத்திருந்தால் இந்தச் சிரமம் யாருக்கும் இருந்திருக்காது.

"ஒன்பது தடவை கண்ணாடியைத் தெளிய வச்சிருக்கீங்க" என்கிறீர்கள். "முதல் தடவை பன்னிரண்டு இருபத்தஞ்சுக்கு. அப்பவே பரிசோதனை கெட்டுப் போச்சில்ல?"

"கெட்டுப் போச்சு."

"அப்புறம் எதுக்காகக் கதவைத் திறக்கல?"

நியாயமான கேள்வி. நானும் நேற்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூட்டில் எவ்வளவு சுத்தமாகத் தெளிகிறது என்று பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? தெளிந்தபோதெல்லாம் அவன் இருந்தான். முதல் சில முறை ஓடி வந்து கும்பிட்டான். பிறகு உட்கார்ந்தபடியே கையை மட்டும் தூக்கினான். அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பார்த்தபின் மறுபடியும் கறுக்க வைத்தேன். அவனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியவில்லை, நானும் மனிதன்தானே.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கட்டையை எடுத்தது நான். சூட்டை வைத்தது நான். ஒன்பது முறையும் பொத்தானைத் தொட்டது நான். இதில் யாருக்கும் பாதி கிடையாது, உதவிக்கு நன்றி சொல்லவும் ஆள் இல்லை. கடைசி வரியில் பதினொரு நிமிடம் என்று இருக்கிறது பாருங்கள், ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். அந்தப் பதினொரு நிமிடமும் எழுபது டிகிரியில் ஓரத்தில்கூட மங்கவில்லை, அவன் இமை மூடுவது வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. அப்படி ஒரு படலத்தை இதுவரை யாரும் செய்ததில்லை. இதை எங்கே வெளியிட்டாலும் என் பெயரை முதலில் போடுங்கள்.